கடைசி அறையின் பச்சை

"அப்போ பாக்க அழகா இருந்தா தப்புங்கிறீங்களா, சேட்டா?"

"அழகைப் பத்தி இப்போ ஆரு பேசினா? ஓடிண்டிருந்ததை எதுக்குத் தொட்டேன்னு கேக்கறேன்."

"ஓடுச்சு. எப்படி ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியுமா? லூப்புக்குள்ள லூப்பு, அதுக்குள்ள வரிசையா இஃப்பு. ஒரு எடத்துல ரெண்டு ஸ்பேஸ், ஒரு எடத்துல மூணு. பேராவது ஒழுங்கா வச்சீங்களா? எக்ஸ், எக்ஸ் எக்ஸ். மூணாவது எக்ஸ் வந்தப்போ எனக்குத் தலையே சுத்திருச்சு."

"ஃபோன்ல எழுதினதாக்கும் அது. போட்டுக்குக் காத்துண்டு படகுத்துறையில நின்னு எழுதினேன். அந்தச் சின்ன ஸ்க்ரீன்ல நாலு ஸ்பேஸ் விட்டா வரி மடங்கிப் போகும் கேட்டயா?"

"அதான் நான் நிமித்தி வச்சிருக்கேன்."

மகா இதைச் சொல்லும்போது நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளால் ஒழுங்காக உட்கார முடியாது. களமசேரியில் படிப்பை முடித்து, எதிரே நின்ற சந்தீப்பிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. கம்பெனி அவ்வளவுதான். சரக்கு குடோன்களில் சென்சார் வைத்து, அது சொல்வதற்கேற்ப வாசலில் விளக்கு எரிய வைப்பது அவர்கள் தொழில்.

முக்கியமான வாடிக்கை கொச்சங்காடியில் இருந்த பெரிய சுக்கு, மிளகு குடோன். மூன்று அறை, அறைக்கு ஒரு சென்சார். ஏற்றுமதிச் சரக்கில் வண்டு விழாமல் இருக்க அங்கே மருந்து வைப்பார்கள். அட்டி அட்டியாக அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே மாத்திரை வைத்து, கதவுகளை அடைத்துவிட்டுப் போனால், மாத்திரை கரைந்து வாயு கிளம்பும். வண்டைக் கொல்கிற வாயு ஆளையும் கொல்லும். பிறகு கதவைத் திறந்து, பெரிய விசிறி போட்டு, வாயு முழுக்க வெளியேறிய பின்தான் ஆட்கள் உள்ளே போகலாம். போகலாமா கூடாதா என்பதை வாசல் விளக்கு சொல்லும். சிவப்பு என்றால் நில். பச்சை என்றால் போ.

அந்த விளக்கை எரிய வைக்கிற பைத்தான் நிரலைத்தான் மகா முந்தைய நாள் மாலை நிமிர்த்தி வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியும் அளந்து வெட்டியதுபோல் இருந்தது. அறைக்கு அறை என்று பெயர், வாயுவுக்கு வாயு என்று பெயர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்ததால், படம் பிடித்துக் கல்லூரித் தோழிகளின் குழுவிலும் போட்டாள். இதயக்குறிகள் வந்து குவிந்தன. மேசைமேல் ஒரு சென்சாரை வைத்து ஓட்டிப் பார்த்தாள். வாயு அளவு எல்லையைத் தாண்டியதாகக் காட்டியபோது சிவப்பு, இறங்கியதும் பச்சை. சரியாக வேலை செய்தது. குடோனுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சரி, காட்டு. இத்தனை அழகு பேசறயே, நானும் பாக்கட்டும்" என்றான் சந்தீப்.

ஒரு கையில் சாயா கிளாஸ். மறு கையால் திரையை உருட்டினான். "ம். பரவால்ல. கொள்ளாம்டி. படிக்க சுகமாத்தான் இருக்கு." இன்னொரு வாய் குடித்தான். பிறகு கிளாஸ் அப்படியே உதட்டருகில் நின்றது.

"மகா. இந்த வரி ஏன் உள்ளே இருக்கு?"

"எந்த வரி?"

"எல்லாம் பத்திரம்னு ஆரம்பிக்கற வரி. இது லூப்புக்கு வெளியேன்னா இருந்தது?"

"ஆமா, அது அங்க தனியாத் தொங்கிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. இது சேர வேண்டிய வரியெல்லாம் கீழ இருக்கேன்னு நாலு ஸ்பேஸ் உள்ள தள்ளி..."

அவள் திரையைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் பார்த்தாள்.

நிரல் செய்வது எளிய வேலை. தொடக்கத்தில் 'எல்லாம் பத்திரம்' என்று ஒருமுறை குறித்துக்கொள்ளும். பிறகு ஓர் அறை விடாமல் எட்டிப் பார்க்கும். இந்தத் திரும்பத் திரும்பப் பார்க்கிற வேலைக்குத்தான் லூப் என்று பெயர். எந்த அறையிலாவது வாயு கூடுதலாக இருந்தால் அந்தக் குறிப்பை அடித்து 'ஆபத்து' என்று மாற்றும். பைத்தானில் ஒரு வரி லூப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் முடிவு செய்யும். மகா நான்கு இடைவெளி தள்ளியதில் 'எல்லாம் பத்திரம்' உள்ளே போய்விட்டது. இனி ஒவ்வோர் அறையின் வாசலிலும் அது புதிதாக எழுதப்படும். முதல் அறையில் கண்ட ஆபத்து இரண்டாம் அறையின் வாசலில் அழிந்துபோகும். நடு அறையின் ஆபத்து கடைசி அறையில் அழிந்துபோகும். கடைசி அறை என்ன சொல்கிறதோ, அதுவே விளக்கு.

கொச்சங்காடி குடோனின் கடைசி அறை மழையில் கூரை ஒழுகி, காலியாகக் கிடந்தது. அங்கே மருந்தே வைக்கவில்லை.

"மேசையில ஒரு சென்சார்தானே வச்சுப் பாத்தே?" சந்தீப்பின் குரல் தணிந்திருந்தது.

ஒரே ஓர் அறை இருந்தால் எது முதல், எது கடைசி? மகா தலையை மட்டும் ஆட்டினாள்.

"மத்த அறையோட அளவு வருதா, பாரு."

பார்த்தாள். முதல் அறை எல்லைக்குச் சற்று மேலே. நடு அறை எல்லையைவிடப் பல மடங்கு. கடைசி அறை பூஜ்யம். கீழே, விளக்கு: பச்சை. விடிந்ததிலிருந்து பச்சை.

"அக்கா" என்றாள் மகா.

அவள் அக்கா கற்பகம் அந்தக் குடோனில்தான் வேலை செய்தாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். சுக்கு புடைத்துத் தரம் பிரிக்கிற பெண்களுக்குக் கற்பகம்தான் தலைவி. மருந்து எடுத்த பிறகு முதலில் உள்ளே போய் ஜன்னல்களைத் திறப்பவளும் அவளே. காலையில் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "ஏட்டி, இன்னைக்கு மருந்து எடுக்காங்க. சாயங்காலம் மேலெல்லாம் நாறும், கிட்ட வராத" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மகா ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும், எடுக்க ஆள் இருக்காது. அந்த வாயுவுக்குத் தீப்பொறி ஆகாது என்பதால் குடோனுக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் ஃபோனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் கிடக்கும். மேஸ்திரி பாண்டித்துரையின் ஃபோனும் அதே கூடையில்தான்.

"நான் பழையதை ஏத்தறேன். விளக்கு சிவப்பாயிடும். நீ ஓடு" என்றான் சந்தீப்.

"உள்ள போனவங்களுக்கு வாசல் விளக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் ஓடுன்னு சொல்றேன்!"

கீழே வந்தாள். ஆட்டோ ஒன்று கிடைத்தது. ஏறி உட்கார்ந்தால், முன்னால் சுற்றுலாக்காரர்களை இறக்கிக்கொண்டு ஒரு வண்டி தெருவை அடைத்து நின்றது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, "இதிப்போ மாறில்ல மோளே" என்று, இப்போதைக்கு வழி விடாது என்பதாகக் கையை விரித்தார். மகா குதித்து ஓடினாள். பஜார் ரோட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களின் முதுகுகளுக்கு நடுவே நுழைந்து ஓடினாள். யாரோ திட்டினார்கள். செருப்பு வார் அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினாள்.

ஓட ஓட அந்த வரிதான் கண்முன் வந்தது. அழகாக, நேராக, நான்கு இடைவெளி தள்ளி. அது பிழை மாதிரியே இல்லை. கோணலாக இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். இவ்வளவு நேராக நிற்கிற வரியை யார் சந்தேகப்படுவார்கள்? பூண்டு வாடை வந்தால் வாயு இருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள். ஆனால் சுக்கும் மிளகும் அடைத்து வைத்த குடோனில் எந்த வாடையை யார் பிரித்துப் பார்ப்பது? வாடை தெரிகிறபோதே அளவு மீறியிருக்கும். இதையெல்லாம் அவளே படித்து, அவளே தாளில் அடித்து, அந்தக் குடோன் சுவரில் ஒட்டியும் இருந்தாள்.

வாசலில் பாண்டித்துரை விளக்கை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். அது இப்போது சிவப்பாக எரிந்தது.

"வா தாயி. ஒன் வெளக்குக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. இம்புட்டு நேரம் பச்ச, இப்ப செவப்பு. எதைத்தான் நம்ப?"

"அண்ணாச்சி, உள்ள யாரு இருக்கா?"

"கற்பகம், இன்னும் மூணு பேரு. நடு ரூம்ல ஜன்னலத் தொறக்கப் போனாக. ஏன், மூச்சு வாங்குது? சோடா..."

"வெளிய கூப்பிடுங்க! உள்ள மருந்து இருக்கு! பச்சை தப்பு! நான் பண்ணின தப்பு!"

பாண்டித்துரையின் முகம் மாறியது. வாசலில் நின்று "ஏ கற்பகம்!" என்று கத்தினார். மகாவும் கத்தினாள். உள்ளே விசிறி லாரி எஞ்சின்போல் இரைந்துகொண்டிருந்தது. பழைய காலத்துச் சுவர், இரண்டு முழக் கனம். குரல் முதல் அறையைத் தாண்டவில்லை.

மகா உள்ளே பாய்ந்தாள். பாண்டித்துரை அவள் தோள்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "நீயும் விழுந்தா யாரு தூக்க?"

அப்போது அவளுக்கு மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. வெளிச் சுவரில், தகரப் பெட்டிக்குள். இந்தக் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டு போனால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அட்டி உயரத்தில் இருட்டில் நிற்கக் கூடாது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அக்கா வீட்டில்கூடக் கரண்டு போனால் பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்துவிடுவாள்.

ஆனால் மெயினை இறக்கினால் விசிறியும் நிற்கும். வாயுவை வெளியே தள்ளிக்கொண்டிருப்பது அந்த விசிறிதான். அது நின்றால் உள்ளே இருப்பவர்களைச் சுற்றி வாயு கட்டிக்கொண்டு நிற்கும்.

அவள் கை கைப்பிடியில் இருந்தது. இறக்கினாள்.

விசிறி முனகிக்கொண்டே நின்றது. அந்த அமைதி அவளை இன்னும் பயமுறுத்தியது.

"கரண்டு போச்சுடியோவ்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். காலடிகள். முதலில் ஓர் இளம் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அடுத்து இன்னொருத்தி. அடுத்து சீனியம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கரண்டு ஆபீஸ்காரன் நல்லாருப்பானா? தல வேற வின்னு வின்னுன்னு தெறிக்குது" என்றாள்.

கற்பகம் வரவில்லை.

"அக்கா எங்க?"

"பின்னாலதான வந்தா" என்று திரும்பிப் பார்த்தாள் சீனியம்மாள்.

பின்னால் இருட்டுதான் இருந்தது. மகா மெயினை மேலே தள்ளினாள். விசிறி மறுபடி இரைந்தது. அவள் மீண்டும் உள்ளே ஓடப் பார்க்க, சீனியம்மாள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழட்டுக் கைகளில் மூட்டை தூக்குகிற பலம் இருந்தது. பாண்டித்துரை அப்போதுதான் நினைவு வந்து ஆபீஸ் அறைக்குள் ஓடி, ஆணியில் தொங்கிய மருந்து மாஸ்க்கை எடுத்து முகத்தில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நேரம் எவ்வளவு என்று மகாவுக்கு இன்றுவரை தெரியாது. கூடைக்குள் ஒரு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. சந்தீப்தான் அக்காவின் எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

பாண்டித்துரை வெளியே வந்தார். அவர் தோளில் கை போட்டபடி, காலை இழுத்து இழுத்து, கற்பகம். வாசலைத் தாண்டியதும் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எவடி மெயின இறக்கினது? இருட்டுல கட்டை இடறி முட்டி பேந்துருச்சு. எந்திரிச்சா தல சுத்துது, வழி தெரியல."

மகா குனிந்து அக்காவின் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். நிரலும் அவள், இருட்டும் அவள்.

நால்வரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்ற மூவருக்கும் தலைவலியும் குமட்டலும்தான். மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கற்பகத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். இந்த வாயு உடனே எல்லாவற்றையும் காட்டாது, நுரையீரலில் பின்னால் வேலை காட்டலாம், மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். கவனிப்பது என்றால் மகாவுக்கு எண்ணுவதுதான். அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமானால் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் கடைசியில், "குட்டி, நீ ஆத்யம் ஸ்வசிக்கு" என்று, முதலில் நீ மூச்சு விடு என்பதாக அதட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கற்பகம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அப்போதுதான் மகா எல்லாவற்றையும் சொன்னாள். வரி, இடைவெளி, கடைசி அறை, தோழிகள் போட்ட இதயக்குறிகள் உட்பட.

கற்பகம் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"அழகா இருக்கணும்னு செஞ்சியாக்கும்?"

"ம்."

"ஒரு வார்த்த கேக்கட்டா? சின்னதுல எனக்குச் சடை பின்னி விடுறேன்னு காது கம்மலோட சேத்துப் பின்னினவதான நீ. அன்னைக்கே ஒன்ன வேலைய விட்டுத் தூக்கியிருக்கணும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. மகா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

மதியம் சந்தீப் லேப்டாப்போடு வந்தான். முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது. குடோன் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டதாகச் சொன்னான். கத்தினாராம். முறைப்படி புகார் எழுதினாராம். பிறகு, திங்கட்கிழமை சரக்கு கப்பலேற வேண்டும், பழையதையே வையுங்கள், இத்தனை நாள் தப்பு பண்ணாததுதானே என்றாராம்.

"நானும் அதுதான் சொல்றேன். பழையது அசிங்கமா இருக்கட்டும். ஓடித்து. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றான்.

"அதை ஒரு தடவை படிக்கட்டுமா? மாத்த மாட்டேன். படிக்க மட்டும்."

அக்காவின் கட்டில் ஓரத்தில் வைத்து, பழைய நிரலை ஒரு தனிப் பிரதியில் வரி வரியாகப் பிரித்தாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் நகர்த்துவதற்கு முன் வாய்விட்டுச் சொன்னாள். இது வெளியே. இது உள்ளே. இது உள்ளுக்குள்ளே. எக்ஸ் என்றால் அறை. எக்ஸ் எக்ஸ் என்றால் அளவு. மூன்றாவது எக்ஸ் என்னவென்று எழுதியவனிடமே கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளுக்குள் உள்ளே, மூன்று இடைவெளிக்கும் இரண்டு இடைவெளிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

"சேட்டா, சென்சார் செத்துப்போனா இது என்ன பண்ணுது?"

"என்ன பண்ணும்? அந்த அறையை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகும்."

"விட்டுட்டுப் போனா அந்த அறை?"

சந்தீப் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தான்.

விட்டுவிட்ட அறையில் ஆபத்து என்று யாரும் எழுதவில்லை. எழுதாவிட்டால் பத்திரம். ஒயர் அறுந்தால், எலி கடித்தால், அந்த அறை வாயுவால் நிரம்பியிருந்தாலும் சரி, விளக்கு பச்சை எரியும். இத்தனை நாளும் எந்த சென்சாரும் சாகவில்லை, அவ்வளவுதான். அந்த விளக்கின் கீழேதான் கற்பகம் தினம் தினம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

அழகான நிரல் ஒரு காலையில் கொல்லப் பார்த்தது. அசிங்கமான நிரல் இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எது பெரிய பயம்?

"ஒரு வரி சேத்தாப் போறும்" என்றான் சந்தீப். குரலில் பழைய தெம்பு இல்லை. "பழையதுலயே அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுடலாம். புதுசா எழுதினா புதுசா எங்க ஓட்டை விழும்னு ஆருக்குத் தெரியும்?"

"பழையதுல இன்னும் எத்தனை ஓட்டை இருக்குன்னு மட்டும் யாருக்குத் தெரியும்? உங்களுக்கே படிக்க முடியலையே."

"நீ எழுதினதைப் படிக்க முடிஞ்சது. படிச்சோமா?"

மகா லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் அவள் புதிதாக ஒன்றை எழுதினாள். அது 'ஆபத்து' என்றுதான் தொடங்கியது. எல்லா அறையும் பேசி, ஒவ்வொன்றும் சரி என்று சொன்னால் மட்டுமே பச்சை. ஓர் அறை வாய் திறக்காவிட்டாலும் சிவப்பு. லூப்புக்குள் லூப் கிடையாது. யாரும் படம் பிடித்துப் போடுகிற மாதிரி இல்லை. ஒரு வரிக்கு ஒரு வேலை, நீளமாக, சலிப்பாக. சென்சார்களையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். நடுவில் ஒன்று, முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறையும் சிவப்பு. சந்தீப்பும் படித்தான், சாயா இல்லாமல், விரலை வைத்து. "ஒண்ணும் தெரியலை" என்றான். பிழை ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்த நேரான வரியிலும் முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை கற்பகம் வீட்டுக்கு வந்துவிட்டாள். முட்டியில் கட்டு. மறுநாள் வேலைக்குப் போயே தீருவேன் என்றாள். போகாவிட்டால் முதலில் உள்ளே போகிற இடத்துக்கு வேறொருத்தி போவாளாம், அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறதாம்.

"ஏட்டி, நாளைக்குப் பச்ச எரிஞ்சா நான் உள்ள போலாமா? நீ சொல்லு, போறேன்."

மகா லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருக்கிறாள். சம்மணம் போடாமல், கால் இரண்டையும் தரையில் ஊன்றி. இரண்டு நிரலும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று, ஓட்டை அடைத்த பழையது. யாருக்கும் முழுக்கப் புரியாதது, ஆனால் இரண்டு வருடம் ஆளைக் கொல்லாதது. மற்றொன்று, யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடியது, ஆனால் இன்னும் ஒரு நாள்கூட அந்த வாசலில் நிற்காதது. சந்தீப் பழையது என்கிறான். முதலாளி பழையது என்கிறார். அவள் விரல் புதியதன் மேல் நிற்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. அடுத்த அறையில் அக்கா இருமுகிறாள்.

இதுவரை படித்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள்: உங்கள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற வாசல் அது என்றால், நீங்கள் இந்த இரண்டில் எதை ஏற்றுவீர்கள்?